வெண்ணெய் தடவிய விசில்

ட்ரிங்... ட்ரிங்...!

ரங்கூன், முகல் தெரு. ஈரத் தலையை முடிந்துகொண்டே ரிசீவரை எடுத்தாள் நாச்சியம்மை.

"ஆச்சி... உங்க வீட்டுக்காரர் வள்ளியப்பன் இப்போ என் கையில!"

அறியாத ஆண் குரல்.

"யா... யாரு நீங்க?"

"பேரா முக்கியம்? காலைல மொஹிங்கா சாப்பிட்டுட்டு தாகேதா பஸ் ஏறினாருல்ல... இப்போ கழுத்துல கத்தி! போன மாசம் கப்பல்காரன்கிட்ட ஒரு மண் குரங்கு வாங்கினாரே, எங்கே?"

"பெரு நாட்டுச் சாமானா? பூஜை ரூம்ல..."

"அது ஆயிரம் வருஷத்து விசில், ஆச்சி! அசலான்னு என் காது கேக்கணும். வால்ல வாயை வச்சு ஊதுங்க!"

"ஐயையோ! ஆஞ்சநேயர் வாலை எச்சில் பண்றதா?"

"அப்போ கத்தியை..."

"ஊதுறேன்! ஊதுறேன்! அவுகளை ஒண்ணும் பண்ணிராதீக!"

ஓடினாள். குரங்கை எடுத்து வந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊதினாள்.

ப்ஸ்ஸ்...

வெறும் காற்று!

சனிக்கிழமைதோறும் அவள் சாத்திய வெண்ணெய்க் காப்பு, துளையை அடைத்திருந்தது!

"என்ன ஆச்சி, டூப்ளிகேட்டா?"

"வெண்ணெய் அடைச்சிருக்குங்க! கொஞ்சம் பொறுங்க... உங்க காலைப் பிடிக்கிறேன்!"

கத்தரிக்காய்க்கே கடைக்காரனை அழவைக்கிறவள். இன்று பேரம் பேச நாக்கு எழவில்லை!

வெந்நீரை வாலில் ஊற்றினாள். அவசரத்தில் பாதி புடவையில். வெண்ணெய் உருகி வழிந்தது. உயிரையெல்லாம் திரட்டி ஊதினாள்.

வீ... ஈ... ஈ... ஈ...!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது!

"கேட்டுச்சா? அவுகளை விட்டுருவீகளா?"

லைன் கட்!

மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

"அவுகளா?" பாய்ந்து திறந்தாள்.

கத்தி! அதன் பின்னால் அதே குரல்!

"தேங்க்ஸ், ஆச்சி! போன் நம்பர் தெரியும், தெரு தெரியும். எந்தக் கதவுன்னுதான் தெரியல. கீழே ரோட்டோரம் மேசை போட்டு வச்சிருக்கிற காசு போன்லதான் நின்னேன்... தெருவுக்கே கேக்குற மாதிரி ஊதிச் சொல்லிட்டீங்க!"

"அப்போ... அவுக?"

"பஸ் ஏறினதைப் பார்த்தேன். அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?"

குரங்கைத் துண்டில் சுற்றினான். மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

கத்த வாய் திறந்தாள் நாச்சியம்மை. இப்போதும் காற்றுதான் வந்தது!

படியில் செருப்புச் சத்தம்...

வள்ளியப்பன்! முழுசாக!

"படியில ஒரு பையன் ஒதுங்கி வழி விட்டான். தங்கமான பிள்ளை! அது கிடக்கட்டும், குக்கர் விசில் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே, நாச்சி... சோறு ஆயிருச்சா?"