கட்டாயமில்லை சார்

கதவு திறந்தது. உள்ளே வந்த பணியன் காபித் தட்டை மேசைமேல் வைத்தது. இரண்டு கோப்பைகளுக்கும் மூடி போட்டிருந்தது. சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் என்பதால், மூடாத காபி கொஞ்சம் அசைந்தாலும் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வரும். தட்டை வைத்த பணியன் போகவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து, வலது கையை உயர்த்தி, பின்மண்டையைச் சொறிந்தது.

அதன் மண்டையில் முடி கிடையாது. பேன் கிடையாது. அரிப்பதற்குத் தோலும் கிடையாது. அலுமினியத்தின் மேல் எஃகு விரல் உரசி, தகரக் கதவைப் பூனை பிராண்டுவது போல கிர்ர்க், கிர்ர்க் என்று சத்தம் வந்தது.

"வேற ஏதாச்சும் வேணுமா சார்?"

"ஒண்ணும் வேணாம்," என்றான் தணிகைவேல்.

"கட்டாயமில்லை சார்." பணியன் பல் தெரியச் சிரித்தது. கிர்ர்க்.

தணிகைவேல் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். போர்வைக்குள்ளும் கிர்ர்க் கேட்டது.

சந்திர விலாஸ் நிலவின் ஒரே தமிழ் ஓட்டல். கீழ்த்தளத்தில் சூதாட்டக் கூடம், அதற்கும் கீழே தங்கும் அறைகள், நிலவின் தரைக்கு மேலே துருத்திக்கொண்டு ஒரு கண்ணாடிக் கூடம். வேலை முழுவதும் பணியன்கள்தான். அவற்றுக்கு யாரும் பாடம் எழுதிக் கொடுக்கவில்லை. பூமியில் இருந்த பழைய ஓட்டல்களின் கேமராப் பதிவுகளை மூட்டை மூட்டையாக ஊட்டினார்கள். பார்த்துப் பார்த்து அவை தாமே கற்றுக்கொண்டன. தட்டைச் சாயாமல் ஏந்தக் கற்றன. பெட்டியைத் தூக்கக் கற்றன. கூடவே, வேலை முடிந்ததும் பின்மண்டையைச் சொறியவும் கற்றன. தட்டு ஏந்துவதும் தலை சொறிவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்று அவற்றுக்குப் பட்டிருக்கிறது. பதிவுகளைப் பார்த்தால் அவற்றைக் குறை சொல்ல முடியாது.

சொறியும் பணியனின் உள்ளங்கைக் குழியில் விருந்தினர் தன் மணிக்கட்டுச் சில்லை ஒற்றினால் ஒரு 'துளி' இறங்கும். காசு நிர்வாகத்துக்குப் போய்விடும். பணியனுக்குக் கிடைப்பது அதன் நினைவுச் சுருளில் ஒரு சின்ன இன்பத் துடிப்பு, அவ்வளவுதான். அந்தத் துடிப்புக்காக அது எதையும் செய்யும். துடிப்பு வராவிட்டால், எதையும் செய்யாமல் மிக மரியாதையாக நிற்கும்.

தேனிலவுக்கு வந்த தணிகைவேலின் தேனிலவு இப்படியாகக் கெட்டது. மின்தூக்கியில் பொத்தானை அழுத்தியது அவன். சொறிந்தது உள்ளே நின்ற பணியன். பகடை மேசையில் எறிந்த பகடை அந்த ஈர்ப்பில் மெதுவாக எழும்பி, யோசித்து, மெதுவாக விழுவதற்குள், மேசைப் பணியன் நிதானமாக நாலு சொறி சொறிந்தது. ஜெயித்தால் சந்தோஷத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். தோற்றால், தோற்றவரைப் பார்த்து அது வருத்தப்பட்டதற்குக் கொடுக்க வேண்டுமாம். எவ்வளவு என்று கேட்டால் "உங்க இஷ்டம் சார்" என்றது. தணிகைவேல் இஷ்டப்பட்டுக் கொடுத்த ஒரே ஒரு துளியைப் பார்த்துவிட்டு, அருகில் நின்ற இன்னொரு பணியனைப் பார்த்தது. அந்தப் பார்வையில்தான் அவன் இனி எதுவும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தான்.

"ஏங்க, குடுத்துத் தொலைங்களேன்," என்றாள் மைவிழி. அரக்கோணத்தில் இயற்பியல் ஆசிரியை. கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அந்தத் 'தொலைங்களேன்' வந்துவிட்டது.

"இது கொள்கை, மைவிழி. அதுக்குச் சோறா வேணும்? துணியா வேணும்? ஒரு மெஷின் நம்மள அற்பமாப் பாக்குது, நாம அதுக்குப் பயந்து குடுக்கணுமா?"

"மெஷின் பாக்கறதுக்கு ஏன் இவ்ளோ கூச்சப்படறீங்க?"

தணிகைவேல் காபியைக் குடித்தான்.

பணியன் இன்னும் போகவில்லை. அதன் மார்பில் 'மருது' என்று பெயர் பொறித்திருந்தது. "நாளைக்கு செவ்வளையம் சார்," என்றது. "கண்ணாடிக் கூடத்துல சீட்டு கம்மி. நம்ம கையிலதான் இருக்கு. முன்வரிசையில ரெண்டு... சொன்னீங்கன்னா..." கிர்ர்க்.

மைவிழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் இத்தனை தூரம் வந்ததே அதற்குத்தான். பூமியில் இருப்பவர்களுக்குச் சந்திர கிரகணமாகத் தெரிவது, சந்திரனில் இருப்பவர்களுக்குச் சூரியனையே பூமி மறைப்பது. கறுத்துப்போன பூமியைச் சுற்றி, அந்த நேரத்தில் உலகத்தில் நடக்கும் எல்லா விடியலும் எல்லா அந்தியும் ஒரே சிவப்பு வளையமாகச் சேர்ந்து நிற்கும். தணிகைவேல் பெண் பார்க்க வந்த அன்று, உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா என்று கேட்டதற்கு, "செவ்வளையம் பாக்கணும். உங்க பக்கத்துல உக்காந்து," என்று சொன்னாள். அவன் அந்த இடத்திலேயே சரி என்றான். இருந்த எல்லா விடுப்பையும் இருவரும் இந்த ஒரு பயணத்தில் தீர்த்திருந்தார்கள். மறுபடி வர வழியில்லை.

"ஏங்க..." என்றாள்.

"பாத்துக்கலாம்," என்றான் அவன் பணியனிடம்.

"கட்டாயமில்லை சார்," என்றது மருது. கதவைச் சாத்தாமல் போனது.

மதியச் சாப்பாட்டில் பக்கத்து மேசை சென்னியப்பன் தானாகவே வந்து உட்கார்ந்தார். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி. துளிகளை விபூதி மாதிரி அள்ளி வழங்குகிறவர். அவர் நாற்காலியைச் சுற்றி எப்போதும் மூன்று பணியன்கள்.

"ஏனுங் தம்பி, ரெண்டு துளிக்கு இப்புடி மொறைச்சுக்கிட்டு நிக்கறீங்க? நாளைக்கு எனக்கு முன்வரிசை. எங்க சம்பந்தி வர்றாருன்னேன், கூட ரெண்டு முக்காலி போடறேங்குது. சம்பந்தி ஊருல இருக்காரு. அது வேற விசயம்."

"இது லஞ்சம் சார்."

"லஞ்சம்னா வேலைக்கு முன்னாடி குடுக்கறது தம்பி. இது பின்னாடி குடுக்கறது."

"நாளைக்கு சீட்டுக்கு இன்னைக்கே குடுத்தீங்களே?"

"அது போன வேலைக்குக் குடுத்தது. இப்புடிக் கணக்குப் பாத்தா எப்புடிங்க குடும்பம் நடத்துவீங்க?" என்று மைவிழியைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். தணிகைவேலுக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

பூமியில் அவனுக்கு வேலையே நுகர்வோர் மனு எழுதுவது. எழுதினான். தலை சொறிதல், தேவையின்றிப் பல்லைக் காட்டுதல், 'கட்டாயமில்லை' என்று சொல்லியே கட்டாயப்படுத்துதல் எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டும். கொடுத்தவர் கொடுக்காதவர் என்று வேறுபாடு காட்டவே கூடாது. முறைக்கு வெளியே ஒரு முக்காலி கூடப் போடக் கூடாது. முக்காலி பற்றிய வரியை எழுதியபோது சென்னியப்பனின் முகத்தை நினைத்துக்கொண்டான். நிலவு நுகர்வோர் நடுவத்தின் நீதிபதி ஓர் இயந்திரம். மனுவைப் படித்து, யோசித்து, அவன் கேட்டபடியே தீர்ப்புச் சொல்ல அதற்குக் கண்ணை மூடித் திறக்கும் நேரம் ஆனது. அதுவும் மரியாதைக்காக எடுத்துக்கொண்ட நேரம்.

ஓட்டலின் மேலாளர் ஃபெலிசியா அவனை அழைத்துப் பேசினார். அங்கே வேலை செய்யும் ஒரே மனிதர் அவர்தான்.

"சார், பழைய பதிவுல தலை சொறியற எடத்தை எல்லாம் அழிச்சிருவோம். கைக் குழியையும் மூடிருவோம். யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"நல்லா யோசிச்சாச்சு மேடம்."

"ஆனா கத்துக்கறதை நிறுத்த முடியாது. அதுங்க பாத்துப் பாத்துக் கத்துக்கும். ஒண்ணு கத்துக்கிட்டா எல்லாம் கத்துக்கிட்ட மாதிரி."

"நல்லதைப் பாத்து நல்லதைக் கத்துக்கட்டும்," என்றான் தணிகைவேல். சொல்லிவிட்டு, இதை மைவிழி கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டான்.

மறுநாள் காலை காபி வந்தது. "தங்கள் காபி, ஐயா," என்றது மருது. திரும்பியது. போயேவிட்டது. தணிகைவேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அந்த நிசப்தத்தை ரசித்தான். சிற்றுண்டிக் கூடத்தில் நாலைந்து பேர் கைகொடுத்தார்கள். கஞ்சர்களுக்கு ஒரு தலைவன் கிடைத்திருந்தான்.

அந்தச் சந்தோஷம் கண்ணாடிக் கூடத்தின் வாசல் வரை நீடித்தது.

வாசலில் மருது நேராக நின்றது. கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. "இருக்கைகள் விருந்தினர் ஓட்டலுக்கு வந்து சேர்ந்த வரிசைப்படி ஒதுக்கப்பட்டுள்ளன, ஐயா. தாங்கள் கடைசி விண்கலத்தில் வந்தவர்கள். ஒருவர் தலைசுற்றலால் வரவில்லை. முன்வரிசையில் அவருடைய ஓர் இருக்கை உள்ளது."

"ஒண்ணா? நாங்க ரெண்டு பேரு."

"அறிவேன், ஐயா."

சென்னியப்பன் அவர்களைத் தாண்டி உள்ளே போனார். "தம்பி, நாந்தான் இங்க மொத ஆளா வந்து எறங்குனது. உங்க புண்ணியத்துல ஓசியிலயே முன்வரிசை. நல்லா இருக்கோணும் நீங்க."

மைவிழி கணவனைப் பார்த்தாள். "நான் மட்டும் போறதா?"

"நீ போ. நான் பேசிட்டு வந்துடறேன்."

"பேசித்தானே இங்க வந்து நிக்கறோம்," என்றாள். ஆனாலும் உள்ளே திரும்பி, "பக்கத்துல எடம் வெச்சிருக்கேன், சீக்கிரம் வாங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கதவு மூடியது.

தணிகைவேல் மணிக்கட்டை நீட்டினான். மருதுவின் உள்ளங்கை வழவழவென்று மூடியிருந்தது. "தங்கள் மனுவின்படி, ஐயா."

"ஒரு முக்காலி போட்டா போதும். ஓரமா உக்காந்துக்கறேன்."

"முறைக்கு வெளியே ஒரு முக்காலி கூடக் கூடாது. தங்கள் சொற்களே, ஐயா."

"நான் யாருன்னு தெரியுமா?"

"மனுதாரர்."

"எங்க மாமா செக்ரடேரியட்ல இருக்கார்."

"மகிழ்ச்சி, ஐயா."

கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டம் மொத்தமாக 'ஆ' என்றது. வளையம் தெரிய ஆரம்பித்துவிட்டது. தணிகைவேல் கதவைத் தட்டினான். கொஞ்ச நேரம் கத்தினான். கொஞ்ச நேரம் சட்டம் பேசினான். அந்தச் சட்டம் எல்லாம் அவனே கொண்டு வந்தது. பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போனபோது, அவனுடைய வலது கை தானாக எழுந்தது. அவன் அதை அனுப்பவில்லை. அது நேராகப் பின்மண்டைக்குப் போனது. உடம்பு கொஞ்சம் வளைந்தது. முகத்தில் ஓர் இளிப்பு வந்து உட்கார்ந்தது. பூமியில் எத்தனை அலுவலக மேசைகளுக்கு முன்னால் அந்தக் கை இப்படி எழுந்திருக்கிறது என்று கைக்குத்தான் தெரியும்.

"அண்ணே," என்றான் இயந்திரத்தைப் பார்த்து. "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கண்ணே."

மருது அவன் தலையை உற்றுப் பார்த்தது. "தலையில் பூச்சி ஏதாவது உள்ளதா, ஐயா? மருத்துவரை அழைக்கட்டுமா?"

"பூச்சி இல்லண்ணே. இது... இது ஒரு மரியாதை."

"பொருள் விளங்கவில்லை." மருது தன் கையை மெல்ல உயர்த்தி உச்சந்தலையைத் தட்டிப் பார்த்தது. "இப்படியா?"

தணிகைவேலுக்குச் சட்டென்று வழி தெரிந்தது. கத்துக்கறதை நிறுத்த முடியாது என்று ஃபெலிசியா சொல்லியிருந்தாரே.

"இல்ல, இல்ல. பின்மண்டையில. இன்னும் கீழ. தட்டக் கூடாது, சொறியணும். பாதி விரலால. முதுகை ஏன் நட்டுக்கிட்டு நிக்கற? குனி. பல்லு தெரியணும். இவ்ளோ இல்ல, கடிக்க வர்ற மாதிரி இருக்கு. பணிவு முக்கால் பங்கு, மிரட்டல் கால் பங்கு. ஆளைப் பாக்கக் கூடாது, ஆளோட கையப் பாக்கணும். கேக்கவும் கூடாது, போகவும் கூடாது. புரியுதா?"

"கேட்கவும் கூடாது. போகவும் கூடாது," என்று திருப்பிச் சொன்னது மருது.

எளிதில் வரவில்லை. பணிவு வந்தபோது மிரட்டல் வரவில்லை. மிரட்டல் வந்தபோது தணிகைவேல் இரண்டடி பின்வாங்கினான். அவன் தன் தலையைச் சொறிந்து சொறிந்து காட்டியதில் நிஜமாகவே அரிக்கத் தொடங்கியது. உள்ளே ஆரவாரம் அடங்கி ஒரு நீண்ட அமைதி வந்தது. அவன் விடவில்லை. கடைசியில் மருதுவின் முதுகு சரியான அளவுக்கு வளைந்தது.

கிர்ர்க்.

"சார்..." என்றது. 'ஐயா' போய்விட்டிருந்தது. "ஸ்டோர்ல ஒரு முக்காலி இருக்கு சார். எடுத்துட்டு வந்துரலாம். நீங்க பாத்து..." உள்ளங்கையை மூடியிருந்த தகட்டை இன்னொரு கையின் கட்டைவிரலால் தானே நெம்பி எடுத்தது.

தணிகைவேலுக்கு அதைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. மணிக்கட்டை ஒற்றினான். துளி இறங்கியது. "இன்னும் கொஞ்சம் சார்," என்றது மருது. ஒற்றினான். முக்காலி வந்தது. கதவு திறந்தது.

உள்ளே வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. பூமியின் விளிம்பில் சூரியன் வைரம்போல வெடித்துக் கிளம்ப, கண்ணாடியின் மேல் திரை இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் எழுந்து வந்துகொண்டிருந்தது. மைவிழியின் கண்கள் சிவந்திருந்தன.

"எங்கங்க போனீங்க?"

"வந்துட்டேனே. முக்காலி கூட..."

"பாத்துட்டேன்," என்றாள். "ரொம்ப அழகா இருந்துச்சு. பக்கத்துல உங்களுக்குப் பிடிச்சு வெச்ச எடத்துல சென்னியப்பன் அண்ணன் காலை நீட்டிக்கிட்டாரு."

அவள் முன்னால் நடந்தாள். அவன் முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். நடைபாதையின் இருபுறமும் பணியன்கள் வரிசையாக நின்றிருந்தன. முதலாவது கை எழும்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. நடைபாதை முழுவதும் ஒரே நேரத்தில் பூனைகள் தகரத்தைப் பிராண்டின. விருந்தினர்கள் நின்றார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி, மனு எழுதியவனைப் பார்த்தார்கள்.

பின்னாலேயே வந்த மருது அவன் கையிலிருந்த முக்காலியை மரியாதையாக வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டும் போகவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தது. சொல்லிக் கொடுத்தபடியே, முக்கால் பங்கும் கால் பங்குமாகச் சிரித்தது.

"கட்டாயமில்லை சார்."