மூன்றாம் தொட்டியும் இரண்டு பட்டைகளும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் இரண்டு கண்கள் மீதும், பணி ஓய்வின்போது அரசாங்கம் பொருத்திக் கொடுத்த மூன்றாவது கண் மீதும் ஆணை. முப்பத்தோரு வருடம் தொழில் தகராறுகளில் சமரச அலுவலராக இருந்தவன் நான். என் எதிரே இரு தரப்பாரும் சொன்ன பொய்களே ஏராளம். எனக்கென்று தனியாக ஒன்று சொல்ல நேரம் இருந்ததில்லை.

காலை பத்து மணிக்கு வேலை தொடங்கும். பேச்சுவார்த்தை அறையில் நடு நாற்காலி எனக்கு. இடப்பக்கம் சங்கம், வலப்பக்கம் நிர்வாகம். இரு தரப்பாரின் மணிக்கட்டிலும் அச்சவாங்கியை மாட்டுவேன். ஊரில் அதற்குப் பயப்பட்டை என்று பெயர். வயர்களின் மறுமுனைகள் என் இரு கைகளில். பொத்தானை அழுத்தியதும் அவர்கள் முகம் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போலத் தெளியும். எனக்கு வியர்த்துக் கொட்டும்.

பயத்தோடு பேசுகிறவன் பொய் சொல்கிறான், இல்லாவிட்டால் நாற்காலியைத் தூக்குகிறான் என்று அரசு கண்டுபிடித்துவிட்டது. ஆகவே கையெழுத்து ஆகும்வரை இரு தரப்புப் பயத்தையும் சமரச அலுவலரே சுமக்க வேண்டும் என்பது சட்டம். தொழிலாளியின் பயம் இடக்கை வழியாக வந்து வயிற்றில் இறங்கும். நிர்வாகத்தின் பயம் வலக்கை வழியாகப் பிடரியில் ஏறும். கூடவே பெயர்களும் வரும்: யாரோ ஒருவரின் மகள், யாரோ ஒருவரின் மேலதிகாரி. ஒருமுறை நாலாயிரம் பேருந்து ஓட்டுநர்களின் பயத்தை ஒரே நாளில் வாங்கினேன். மூன்று வாரம் தெருவைக் கடக்கவில்லை. கடைசியில் தெருவே இரக்கப்பட்டு நகர்ந்து கொடுத்தது.

இன்னொரு விதியும் உண்டு. பட்டை மாட்டியிருக்கும்வரை அலுவலர் சொல்வது எதுவும் குறிப்பில் ஏறாது. பயந்தவன் பேச்சுக்கு என்ன மதிப்பு?

தூத்துக்குடிக் கடலில் மிதந்த ஒரு ஹைட்ரஜன் ஆலையில் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம். மூன்றாம் தொட்டிக்கு அடியிலிருக்கும் குழாய் அறைக்குள் இறங்க மாட்டோம் என்பது சங்கத்தின் கட்சி. தொட்டி சீறுகிறதாம். சங்கச் செயலாளர் மிக்கேலம்மாள் வந்தார். அந்த அறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். எதிரே ஆலை மேலாளர் செண்பகராமன். பட்டைகளை மாட்டினேன்.

செண்பகராமன் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்: "மறைக்கறதுக்கு என்ன இருக்கு? தொட்டியில விரிசல் விட்டிருக்கு. ஆய்வறிக்கை என் மேசைக்குள்ளதான் கெடக்கு."

"எத்தனை நாள் தாங்குமாம்?" என்றார் மிக்கேலம்மாள்.

"ஒரு வாரம்னு எழுதியிருக்கான்."

"ஒளிக்காம சொன்னீயளே சார், அது போதும். நாளைக்கே இறங்குதோம்."

"பெரிய மனசும்மா உங்களுக்கு."

"இதுக்குப் போயி பத்தொம்பது நாளா மல்லுக்கட்டுனோமே!"

இருவரும் சிரித்தார்கள். முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு இணக்கமான பேச்சுவார்த்தையை நான் பார்த்ததில்லை. என் வயிற்றில் பிலோமினா என்றொரு பெண் பிள்ளை தனியாக அழுதுகொண்டிருந்தாள். என் பிடரியில் சென்னையிலிருந்து யாரோ தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். அந்த அறையில் தொட்டி வெடிக்கும் என்று பயந்தவன் நான் ஒருவன்தான்.

"இறங்காதீங்கம்மா!" என்று அலறினேன்.

'அலுவலர் இருமினார்' என்று குறித்துக்கொண்டது பதிவுக் கருவி.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? தண்ணி குடிக்கீயளா?" என்றார் மிக்கேலம்மாள். குடித்தேன். பல் தம்ளரில் மோதிக் கடகடத்தது. ஒப்பந்தம் அச்சாகி வந்தது. செண்பகராமன் பேனாவைத் திறந்து அவரிடம் மரியாதையாக நீட்டினார்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பயத்தைச் சொல்லத்தானே தடை? திருப்பிக் கொடுத்துவிடலாமே! வயர்களைப் பிடுங்கி, திருப்பு முனையில் செருகி, பொத்தானை அழுத்தினேன். அவசரத்தில் இடவலம் மாறிப் போயிற்று.

செண்பகராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஐயோ, நான் செத்துட்டா பிலோமினாவுக்கு யாரு சோறு போடுவா?" என்றார். அவருக்குப் பிள்ளைகளே கிடையாது.

மிக்கேலம்மாள் பிடரியைத் தடவிக்கொண்டு முனகினார்: "சென்னைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? வேலை போயிருமே!"

பிறகு செண்பகராமன் ஒப்பந்தத்தை எட்டாகக் கிழித்தார், ஒரு துண்டை மென்றும் விழுங்கினார். ஆலைக்குப் போன் போட்டு, "மூணாம் தொட்டியக் காலி பண்ணுங்க! யாரும் கீழ இறங்கக் கூடாது!" என்று கத்தினார். மிக்கேலம்மாள் அவர் தோளைத் தட்டி, "அழாதீய சார், பிலோமினா இப்ப பள்ளிக்கூடத்துலதான் இருப்பா" என்று தேற்றினார். வாசலில் காத்திருந்த தொழிலாளிகள் என்னைத் தூக்கிக்கொண்டு கடற்கரை முழுக்க ஊர்வலம் போனார்கள். அலைகூடச் சற்று ஒதுங்கி வழிவிட்டது.

மூன்றாம் தொட்டி வெடித்த பிறகு விசாரணைக் குழு கைப்பற்றிய அந்த ஒப்பந்தம் ஒரு கிழிசலும் இல்லாமல் முழுசாக இருக்கிறது. அதிலுள்ள மூன்று கையெழுத்துகளில் நடுவில் இருப்பது என்னுடையது.