மூடிய ஷட்டருக்கு முன்னால்

படத்தில் நாற்காலி அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது.

மேடையும் அதன் பின்னே தொங்கிய சாம்பல் திரைச்சீலையும் தெளிவாக விழுந்திருந்தன. நடுவில் மட்டும் கால்கள், கைப்பிடி, முதுகு என்று கத்தரித்து எடுத்தாற்போல் கன்னங்கரேலென்று ஒரு வடிவம். அவள் கேமராவிலிருந்து நிமிர்ந்தாள். மேடையில் நாற்காலியைக் காணோம். புதுக் கம்பளத்தில் கால்கள் அழுந்திய குழிகள் மட்டும் இருந்தன.

"நாற்காலியை எடுத்துட்டியாக்கா?"

"இப்பத்தானேடி கொண்டுபோய்ப் போட்டேன், அவர் சொன்னாருன்னு."

அத்தான் கட்டடக் கலைஞர். கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்வார். பூமிக்கடியில் ஜன்னலே இல்லாமல் ஓர் அரங்கைக் கட்டிவிட்டு அதற்கு 'மௌனத்தின் மடி' என்று பெயர் வைத்திருந்தார். ஈரச் சிமெண்டும் கம்பளப் பசையும் நாறும் நிலவறை என்று யாராவது சொன்னால் அவர் மௌனமாக இருக்க மாட்டார். விளக்கைப் போட்டால் மடி கலைந்துவிடுமாம். அதனால் படியோரத்துச் சின்ன விளக்குகளின் வெளிச்சத்தில், ஷட்டரைப் பல நிமிடம் திறந்து வைத்துப் படமெடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் திறந்திருந்தால் கேமராவின் சென்சார் சூடாகிப் படமெங்கும் சிவப்பு, நீலம், பச்சைப் புள்ளிகள் கொப்புளிக்கும். அதற்காகவே நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டிருந்தாள். படம் முடிந்ததும் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு, அதே அளவு நேரம் வெறும் இருட்டைப் படமெடுக்கும். இருட்டில் அகப்படுகிற புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிடும்.

அக்கா நாற்காலியைப் போட்டது ஷட்டர் மூடிய பிறகு.

"மறுபடி எடு," என்றார் அத்தான்.

எடுத்தாள். ஷட்டர் மூடிக்கொண்டது. கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

"என்னம்மா, மெஷின் படுத்துடுச்சா? ஒரு நல்ல கேமரா வாங்கக் கூடாது?"

"அது வேலை செய்யுது அத்தான். கொஞ்சம் பொறுங்க."

அத்தானுக்கும் பொறுமைக்கும் ஆகாது. தாம் தலைவராக இருக்கும் சங்கம் தமக்கே கொடுத்த கண்ணாடி விருதை மேடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி நின்று போனில் யாருக்கோ மௌனத்தைப் பற்றி உரத்த குரலில் விளக்கினார். ஏசியின் உறுமல் மெல்லத் தேய்ந்தது. காதுக்குள் பஞ்சு திணித்தது போல. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விருதின் பளபளப்பு முதலில் போயிற்று. ஓரங்கள் கறுத்தன. பிறகு விருது இல்லை. மூடிய கண்ணால் அந்தக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது, பார்த்ததைக் கழித்துக்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பிய அத்தான் நேராக அக்காவிடம் போனார்.

"எங்க என் விருது? ஒரு சாமானைப் பாத்துக்கத் துப்பில்ல. உன்னையெல்லாம் எதுக்குக் கூட்டிட்டு வரேன்?"

"நான் தொடவே இல்லீங்க..."

"வாயை மூடு."

அக்கா மூடிக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து மூடித்தான் வைத்திருக்கிறாள். தங்கை கேமராவின் பக்கம் திரும்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது படத்தை எடுத்தாள். ஷட்டர் மூடும் சத்தம் கேட்டதும் சொன்னாள்:

"அத்தான், மேடையில நீங்க நின்னாத்தான் எடுப்பா இருக்கும்."

தன் குரல் அவ்வளவு இனிமையாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோட்டுப் பையில் கைவிட்டு, தாடையைத் தூக்கி, தமக்குத் தாமே சிலை வைத்தது போல் நின்றார். ஏசி ஓய்ந்தது. ஷூவின் ஓரம் கறுத்தது. போகட்டும், என்று நினைத்தாள். போய்த் தொலையட்டும்.

"ஏய், நீயும் வா," என்றார் அத்தான் அக்காவைப் பார்த்து. "குடும்பப் படமா இருக்கட்டும்."

அக்கா மேடையேறினாள்.

"அக்கா, போகாத! இறங்கு!"

"சும்மா நிக்கத்தானேடி கூப்பிடறாரு."

"என் பொண்டாட்டி என் பக்கத்துல நிக்க இவ பர்மிஷன் வேணுமா?" அத்தான் அக்காவின் தோளைப் பற்றி நிறுத்தினார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். கேமரா கேட்கவில்லை. சுவிட்சை அணைத்தாள். சிவப்பு விளக்கு மினுக்கியது. அக்காவின் கூந்தல் ஓரம் கறுத்தது. பேட்டரி மூடி. நகம் ஒடிந்தது. இழுத்தாள். பிடுங்கினாள்.

விளக்கு அணைந்தது. ஏசி உறுமியது. மேடையில் இரண்டு பேர். இரண்டு பேர் இருந்தார்கள்.

இறங்கி வந்தார்கள். அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்றைக்கு ஆகியிருக்கிறது? கோட்டு, தாடை, தோரணை எல்லாம் முழுசாக இருந்தன. பின்னாலேயே அக்கா வந்தாள். அக்காவின் செருப்பு. அக்காவின் வளையல். அக்காவின் கழுத்து. அதற்கு மேலே சிவப்பு, நீலம், பச்சைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன.

"முடிஞ்சுதாடி?" புள்ளிகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் கண்ணை மூடிட்டேனா?"

அவள் அக்காவின் முகத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

அத்தான் மனைவியைத் தம் பக்கம் திருப்பி, நேருக்கு நேர் பார்த்தார்.

"ஏன், நல்லாத்தானே இருக்கா? முடி மட்டும் கலைஞ்சிருக்கு. சரிபண்ணிக்கோ."

அக்கா பணிவாகக் கையை உயர்த்தி நெற்றிக்குக் கொண்டுபோனாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. உள்ளே எதையோ பொறுமையாக ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.