போடாத பிடி மண்

சக்கரத்தில் பூசியிருந்த செம்மண் ஈரமாக இருந்தது. நேற்று மதியமே அதன்மேல் வார்னிஷ் அடித்து, காயவிட்டு, விரலால் தொட்டுப் பார்த்து, இனி உலகமே புரண்டாலும் உதிராது என்று ஆன்ஸ்லின் திருப்திப்பட்டுக்கொண்ட மண் அது. இன்று தொட்டதும் விரல்நுனியில் குழைந்து வந்தது. முகர்ந்து பார்த்தான். வார்னிஷ் வாசம் இல்லை. அப்போதுதான் வெட்டிப்போட்ட குழியின் வாசம் அடித்தது.

ஐப்பசி மழையில் நாகர்கோவிலில் எதுதான் காய்கிறது, துவைத்த துணியே மூன்று நாளாகக் கொடியில் கிடக்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். மணி மூன்று. மனைவி ரெஜிலா நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போயிருந்தாள். வீட்டின் பின்பக்கம் ஷீட் போட்ட சாய்ப்பு அறையில் அவன் மட்டும்.

மேசையில் நின்றது ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு மிக்-21 போர்விமான மாடல். அண்ணன் ஜெஃப்ரின் விமானப்படையில் இருபது வருஷம் அந்த விமானத்துக்குத்தான் ஸ்பேனர் பிடித்தார். அதில் ஒருநாள்கூடப் பறந்ததில்லை. ஸ்பேனர் நழுவிக் கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்ததுதான் மிச்சம். ஓய்வுபெற்று வந்தபின் அண்ணனும் தம்பியும் சேர்ந்து இந்த மாடலை ஒட்டத் தொடங்கினார்கள். பாதியில் அவருக்கு மாரடைப்பு. நாளை நாற்பதாம் நாள் ஜெபம். அண்ணி குளோரியின் வீட்டில், அண்ணன் படத்தருகே இந்த விமானம் நிற்க வேண்டும். அண்ணனின் மீசையோடு ஒரு குட்டி ஆளைச் செய்து பைலட் சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடி மூடியை ஒட்டியிருந்தான் ஆன்ஸ்லின். இப்போதாவது பறக்கட்டும் பாவம்.

புதுப் பெயிண்டோடு மினுங்குகிற போர்விமானம் வெறும் பொம்மை. அதைப் பழசாக்குவதில்தான் கைவேலையே இருக்கிறது. தகடுகள் சேரும் கோடுகளில் கறுப்பைக் கரைத்து ஓடவிட்டான். கிழிந்த ஸ்பாஞ்சில் வெள்ளிப் பெயிண்டைத் தொட்டு, பெயிண்ட் உரிந்த இடங்களை ஒற்றி ஒற்றிக் காட்டினான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது காதிலேயே இருந்தது: “ஏலே மக்கா, ஆளு ஏறி எறங்குற எடத்துலதான் பெயிண்ட் போவும். கண்ட எடத்துல உரிச்சு வைக்காத.” சக்கரத்துக்குப் புழுதி பூச வேண்டும் என்றபோதுதான் அந்த மண் ஞாபகம் வந்தது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சபைப் போதகர் ஐயர் ஜெபம்பண்ணி முடித்ததும் ஆளுக்கொரு பிடி மண் அள்ளிக் குழிக்குள் போட்டார்கள். ஆன்ஸ்லினும் அள்ளினான். போடக் கை வரவில்லை. அண்ணனை நானா மூடுவது என்று அதைக் கைக்குட்டையில் முடிந்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். போன வாரம் அதே மண்ணைப் பொடித்துச் சலித்துச் சக்கரத்தில் பூசியபோது விமானம் சட்டென்று நிஜமாகிவிட்டது. மாடல் ஒட்டுகிற இந்தப் பதினைந்து வருஷத்தில் இவ்வளவு அசலாக அவன் எதையும் செய்ததில்லை.

விளக்கைத் தாழ்த்திப் பார்த்தான். கண்ணாடி மூடிக்குள்ளும் மண் இருந்தது. குட்டி ஆளின் முழங்கால் வரை.

மூடியை ஒட்டிய பிறகுதான் கைக்குட்டை முடிச்சையே அவிழ்த்தான். உள்ளே எப்படிப் போகும்?

கூரை ஷீட்டின்மேல் பொத்தென்று ஏதோ விழுந்தது. தேங்காய் விழுந்த சத்தம் இல்லை. ஈரமான, கனத்த, விழுந்ததும் சிதறி உருளுகிற சத்தம். அந்தச் சத்தத்தை அவன் ஒரே ஒரு நாள் கேட்டிருக்கிறான், அண்ணனின் சவப்பெட்டியின்மேல்.

ஜெபத்துக்கு எத்தனை நாற்காலி எடுக்க வேண்டும் என்று கேட்க அண்ணி போன் செய்தாள். அவன் வாய் தானாகவே மண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டது.

“எனக்குத் தெரியும். எல்லாரும் போட்டாவ, நீ மட்டும் போடல்ல. நான் பாத்துட்டுதான் நின்னேன்,” என்றாள். “ரெண்டு நாளா ஒங்க அண்ணன் சொப்பனத்துல வந்து வெறுங்கைய நீட்டுதாவ. அடக்கம் நடந்த நேரம் நாலு மணி. இன்னைக்கு அதுக்குள்ள கொண்டு போட்டுரு, கேட்டியா.”

“நாளைக்கு ஜெபம் முடியட்டும் அண்ணி. பொறவு நானே கொண்டு போட்டுருதேன்.”

அவள் போனை வைத்துவிட்டாள். மண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் மூடியைப் பெயர்த்து, சக்கரத்தைச் சுரண்டி, எல்லாவற்றையும் கழுவ வேண்டும். அண்ணன்மேல் உள்ள பாசத்தால்தான் மனசு வரவில்லை என்று சொல்லிக்கொண்டான். அது பொய். இவ்வளவு நல்ல வேலையைத் தன் கையாலேயே அழிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பொத். மறுபடியும் கூரையில். மழை நின்றிருந்தது.

பொத். பொத்.

மூடிக்குள் மண் மார்பு வரை வந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீசையைத் தொட்டது. கரண்ட் போனது. போனில் டார்ச்சைப் போட்டு, கத்தியைத் தேடி எடுத்து, நுனியை மூடியின் ஓரத்தில் வைத்தான். போட்டுவிடுகிறேன் அண்ணே, இப்பவே கொண்டு போட்டுவிடுகிறேன்.

வெளிச்சம் மூடிக்குள் விழுந்தது. மண் இல்லை. ஆளும் இல்லை. வெறும் சீட்டு.

மூடி ஒட்டினபடியே இருந்தது. ஆனால் அதன் ஓரத்திலிருந்து இறக்கைமேல் புதிதாகப் பெயிண்ட் உரிந்திருந்தது. வெள்ளி வெள்ளியாய்ச் சின்னப் பாதங்கள். ஆள் இறங்குகிற இடத்தில், சரியாக. இறக்கை நுனிவரை. பிறகு மேசையில் செம்மண் சுவடு. பிறகு தரையில்.

தரையில் இருந்தவை முழு ஆளின் பாதங்கள். வாசலைப் பார்த்துப் போயிருந்தன.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளைக் கொடுத்து மோதினான். அந்தப்பக்கம் ஏதோ கனமாக முட்டிக்கொண்டு நின்றது. கதவிடுக்கில் செம்மண் பிதுங்கியது.

ஜன்னலுக்கு ஓடினான். பலாமரம் இல்லை. மதில் இல்லை. கண்ணாடி முழுக்க மண். வெட்டுப்பட்ட வேர். ஒரு புழு, கண்ணாடியில் ஒட்டி நெளிந்தது.

மேலே மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம்.

மணி நாலு.

அந்த வெளிச்சத்தில் ஒரு கை நீண்டது. கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்த கை. அதில் ஒரு பிடி மண்.

விரல்கள் மெதுவாக விரிந்தன.