ஐந்து துண்டாக அனுப்பிய குரல்

மாசாய் நகரக் கையுறைத் தொழிற்சாலையின் சர்வர் அறைக்கு யோகேஸ்வரி முதன்முதலாக வந்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. காவலாளி காளியப்பன் இரும்புக் கதவைச் சுவரோடு சாய்த்துத் திறந்துவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டார்.

“நீங்க போங்கம்மா. நான் உள்ள வரமாட்டேன்.”

“ஏன் அண்ணே?”

“உங்களுக்கு முன்ன இருந்த விசுவலிங்கம் சார் இதுக்குள்ளதான் போனாரு. ஹரி ராயா பெருநாள் லீவு, ஆள் இல்ல. தீயணைக்கிற கேஸ் தானா திறந்துக்கிச்சு. கதவும் பூட்டிக்கிச்சு.” குரலைத் தாழ்த்தினார். “மறுநாள்தான்மா பார்த்தோம். மூணு மாசம் ஆச்சு.”

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. ரப்பர் பாலின் புளித்த நெடி அங்கேயும் இருந்தது. கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மூலையில் இருந்த பழைய கணினியைக் காலி செய்து நிறுத்துவதுதான் அவளுடைய வேலை. அதற்கு மௌஸ் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். மின்னஞ்சல் அனுப்பினாலும் ஒரே வரிதான்: இந்தக் கோப்பை இணை, இந்த முகவரிக்கு அனுப்பு.

முன்பு தட்டிய கட்டளைகளை அவள் மேலே நகர்த்திப் பார்த்தாள். கடைசிப் பதினொரு வரிகளும் ஒன்றே. ஒரு குரல்பதிவை இணைத்து, சுகந்தினி என்ற பெயருக்கு அனுப்பச் சொல்லும் வரி. பதினொரு முறையும் ஒரே பதில் வந்திருந்தது: இணைப்பு மிகப் பெரியது, ஏற்க முடியாது.

மூச்சு முட்டிக்கொண்டிருந்த மனிதர் பதினொரு முறை தட்டியிருக்கிறார்.

யோகேஸ்வரி வெளியே போய், காளியப்பனிடம் எண் வாங்கி, ரெங்கம் ஊரில் இருந்த விசுவலிங்கத்தின் மனைவியை அழைத்தாள். குரல்பதிவைப் பற்றிச் சொன்னாள்.

“அனுப்புங்க தங்கச்சி,” என்றாள் சுகந்தினி. “என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியணும்.”

ஒருவர் மனைவிக்குப் பேசியதைத் தான் கேட்பது முறையல்ல என்று யோகேஸ்வரி அதைக் கேட்கவில்லை. கோப்பை ஐந்து துண்டாக்கி, ஐந்து வரி தட்டினாள். ஐந்தாவதும் போய்ச் சேர்ந்தது.

அப்போது இரும்புக் கதவு மூன்று முறை தட்டப்பட்டது.

கதவு திறந்தே இருந்தது. சத்தம் உள்பக்கத்திலிருந்து வந்தது.

“நீங்களாம்மா தட்டினீங்க?” வாசலில் காளியப்பனின் முகம் வெளுத்திருந்தது.

அன்றே கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டாள். மறுநாள் அதன் வன்வட்டையும் கழற்றி, ஆட்களை விட்டு உடைத்தார்கள்.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுகந்தினி அழைத்தாள். குரலில் ஒரு துள்ளல்.

“தினமும் ஒண்ணு வருது தங்கச்சி. இன்னைக்கு வந்தது இருபத்துமூணாவது.”

“அக்கா, நான் அஞ்சுதானே அனுப்பினேன்!”

“மொத அஞ்சுல கதவத் திற, கதவத் திறன்னு அழுதாரு. அப்புறம் அழுகையே இல்ல. நடக்குற சத்தந்தான். எந்த ஊரு வந்துட்டேன்னு சொல்லுவாரு. போன வாரம் கூலாய்னாரு. நேத்து லாயாங் லாயாங் தாண்டிட்டாராம்.”

லாயாங் லாயாங்குக்கு அடுத்த ஊர் சுகந்தினியின் ரெங்கம்.

போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது. டக். டக். டக்.

“அக்கா, திறக்காதீங்க! நான் சொல்றதக் கேளுங்க, அது அவரு இல்ல!”

“அன்னைக்கு யாரும் திறக்கலையே தங்கச்சி,” சுகந்தினி முணுமுணுத்தாள். “நானாச்சும் திறக்கணும்ல.”

போனை மேசையில் வைக்கும் ஒலி. தாழ்ப்பாள் விலகும் ஒலி. யோகேஸ்வரி கத்தினாள், கெஞ்சினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஒன்றரை மணி நேரத்தில் ரெங்கம் போய்ச் சேர்ந்தாள். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த போனில் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. திரையில் யோகேஸ்வரியின் பெயரும், ஏறிக்கொண்டே போகும் நிமிடங்களும். சுகந்தினியின் செருப்பு படியில் இருந்தது. சுகந்தினி இல்லை.

போலீஸ் வந்தது, தேடியது, எழுதிக்கொண்டு போனது. குரல்பதிவைத் துண்டாக்கி அனுப்பியதை யோகேஸ்வரி சொன்னபோது எழுதிய அதிகாரி தலை நிமிரவில்லை.

மூன்றாம் வாரம் யோகேஸ்வரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் சுகந்தினி. உள்ளே ஒரு வரியும் இல்லை, ஒரு குரல்பதிவு மட்டும். அவள் அதைத் திறக்கவில்லை. அந்த முகவரியைத் தடுத்தாள், மறுநாளும் வந்தது. தன் முகவரியை மாற்றினாள், புதியதற்கும் வந்தது.

“வேற எங்கயாச்சும் போயிடலாம்லா,” என்றான் அவள் கணவன் ரூபேந்திரன்.

எங்கே போவது? போகிற இடத்துக்கும் அது வரும்.

ஒரு பதிவைக்கூட அவள் கேட்டதில்லை. ஆனால் கோப்பின் பெயரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் வந்ததன் பெயர் சிம்பாங் ரெங்கம், ரெங்கத்துக்குப் பக்கத்து ஊர். அப்புறம் கூலாய். அப்புறம் செனாய்.

அவர்கள் குடியிருப்பது செனாயைத் தாண்டியிருக்கும் தெப்ராவில், நான்காவது மாடியில். இன்று மத்தியானம் வந்த கோப்பின் பெயர், மூன்றாவது மாடி.