குழைந்த முத்திரை

மேல்திசை மலைகளுக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருந்த கதிரவன் பொருநை நதியின் கழிமுகத்தில் செம்பொன்னை அள்ளி இறைத்துக்கொண்டிருந்த அந்த மாலை வேளையில், துறைக்கோட்டை வாயிலை அடைந்த ஓடத்திலிருந்து ஏலியம்மை பாய்ந்து இறங்கினாள். அன்பார்ந்த வாசகர்களே, அவள் கச்சுக்குள் ஓர் ஓலை இருந்தது. ஓர் உயிரின் விலை அது.

அவளை மணக்க இருந்த மாலுமி யோனான், பகைவருக்கு வேவு பார்த்தான் என்ற பொய்ப் பழி சுமந்து, பொழுது சாய்ந்ததும் சிரச்சேதத்துக்கு உள்ளாக இருந்தான். தேவாலயத்தைச் சேர்ந்தவர்களை ஆயரே விசாரிக்கலாம் என்று முந்தைய மன்னர் செப்பேட்டில் உரிமை வழங்கியிருந்தார். சிலுவையும் மயிலும் பொறித்த ஆயரின் முத்திரையோடு ஓலை வந்தால், கோட்டையார் கைதியை விட்டுவிட வேண்டும்.

கோட்டைத் தலைவர் கண்டன் காரியார் ஓலையைத் தீபத்தருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மணி, முத்திரை எங்கே?"

நூல் முடிச்சின்மேல் தேன்மெழுகு தட்டையாய் அப்பிக் கிடந்தது. சிலுவையையும் காணோம், மயிலையும் காணோம்.

ஏலியம்மை ஓலையைத் திரும்ப வாங்கி மெழுகைத் தடவிப் பார்த்தாள். மெழுகு முத்திரையை வெயிலில் இளகாதபடி ஈரமணல் நிரப்பிய குடத்தில் வைத்துக் கொண்டுசெல்வதுதான் ஆலயத் தூதர்களின் வழக்கம். ஆயர் குடத்தையும் கொடுத்தார். இவள்தான் கேட்கவில்லை. வழியில் யாராவது பறித்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சி, ஓலையை மார்போடு இறுக்கி வைத்துக்கொண்டு பகலெல்லாம் கொளுத்தும் வெயிலில் வந்தாள். அடி அசட்டுப் பெண்ணே, உன் அன்பே அவனுக்கு எமனாயிற்றே!

"ஐயா, சத்தியமாக இது ஆயர் தந்த ஓலை! நாளைவரை பொறுங்கள், வேறு முத்திரை பெற்று வருகிறேன்!"

"தங்களை நான் நம்புகிறேன், அம்மணி. ஆனால் மன்னர் என் நம்பிக்கையைக் கேட்கமாட்டார். இன்றே தண்டனை என்று அவர் அனுப்பிய ஓலையில் முத்திரை கலையாமல் இருக்கிறது."

சங்கிலி ஒலிக்க யோனானை அழைத்து வந்தார்கள்.

"ஏலி, ஆயர் என்னைக் கைவிட்டுவிட்டாரா?"

ஆமென்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை.

"இல்லை. அவர் காப்பாற்றத்தான் பார்த்தார். நான்தான் உங்களைக் கொன்றுவிட்டேன்" என்று ஓலையை நீட்டினாள்.

யோனான் மெழுகைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொலைக்களம் நோக்கி நடந்தான்.

"கேளுங்கள்! இனி எந்த ஆண்மகன் கையையும் பற்றமாட்டேன்! இந்த மெழுகின்மேல் ஆணை!" என்று அலறியபடி அவள் தன் பெருவிரலை அதன்மேல் அழுத்தினாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மாலைக் கடற்காற்றில் மெழுகு இறுகிப் போயிருந்தது. எவ்வளவு அழுத்தியும் விரல் பதியவில்லை.