முதலில் எழுதிய இடம்

பக்கத்து அறையில் தொட்டில் கிறீச்சிடுவது நின்றது. கம்ப்யூட்டர் திரையில் அழிப்பு வரிகள் ஓடத் தொடங்கிய அதே நேரம்.

அவன் கவனிக்கவில்லை. மகள் செத்த பிறகு எதுவும் அவனுக்குள் முழுதாக இறங்குவதில்லை. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் சாய்த்திருந்தது. சற்றுமுன் தூக்கிவைத்திருந்த பையனின் எச்சில், சட்டைத் தோளில் பால் வாடையோடு குளிர்ந்துகொண்டிருந்தது. ஆபீஸ் சர்வர்களையெல்லாம் கட்டி மேய்ப்பவன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டபடி விட்டிருந்தான். மேசையில் இருந்த டிஸ்க்கின் கடைசி பேக்கப், மகள் உயிரோடு இருந்தபோது எடுத்தது. அவள் போன பிறகு பிறந்த பையனின் படங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அவற்றை டிஸ்க்குக்கு அனுப்பத்தான் உட்கார்ந்து ஒரு கமாண்டை அடித்தான்.

அந்தக் கமாண்ட் வீண்சுமை தூக்காது. மாறியதை மட்டும் எடுத்துப்போய், அதில் இரண்டாவதாக எழுதிய இடத்தை முதலில் எழுதிய இடம் போலவே ஆக்கிவிடும். முதலாவதில் இல்லாததை இரண்டாவதிலும் துடைத்துவிடும். அதனால் முதலில் ஒத்திகை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். இன்று பார்க்கவில்லை.

பையன் பிறந்த அன்று எடுத்த படம். அழிந்தது.

முதல் பல். அழிந்தது.

கமாண்டைப் படித்தான். டிஸ்க் முதலில் இருந்தது. கம்ப்யூட்டர் இரண்டாவது.

நிறுத்தும் விசையை அழுத்தினான். நிற்கவில்லை. டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினான். வரிகள் ஓடின.

"ஏம்மா, பையனைத் தூக்கினியா?"

"எந்தப் பையனை?" சமையலறையிலிருந்து மனைவி சிரித்தாள். ரொம்ப நாளாகக் கேட்காத சிரிப்பு. "அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழுங்க. பெத்தது ஒண்ணுன்றதுகூட மறந்துபோகும்."

பக்கத்து அறைக்கு ஓடினான். தொட்டில் இல்லை. அது நின்ற இடத்தில் மகளின் கட்டில். விரிப்பில் சூடு இருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். இடது கால் இழுத்து, மகள் நடப்பது போலவே.

"பாப்பா, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு." சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

வாசலில் மகள் நின்றாள். தலையில், டிஸ்க்கின் கடைசிப் படத்தில் இருந்த அதே ஒற்றைக் கிளிப்.

"அப்பா, தோள்ல என்ன ஈரம்?"

தொட்டுப் பார்த்தான். பிசுபிசுத்தது. பால் வாடை. யாருடையது என்று யோசித்தான். வாய் ஒரு பெயருக்குக் குவிந்தது. பெயர் வரவில்லை.

"தண்ணியா இருக்கும்மா."

கையில் பிடுங்கிய வயர் தொங்கியது. மேசையில் டிஸ்க்கின் விளக்கு இன்னும் மினுங்கியது. ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.